சைலன்சர் வாங்கப் போகும் தம்பிமாருக்கு



போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்குச் சைலன்சர் மாற்றினோம். "சேர், என்ன போட்டனீங்கள்? சத்தமே இல்லை" என்று சில தம்பிமார் கேட்டார்கள். வீதியில் நின்று சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறோம்.

முதலில், பழசு ஏன் உக்கியது? எல்லோரும் கடல் காற்றைச் சொல்வார்கள். அது வெளிப்பக்கத்துக்குச் சரி. எங்களுடையது உள்ளிருந்துதான் உக்கியிருந்தது. டீசல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகிவிடும். எங்கள் ஓட்டமோ சோனகதெருவிலிருந்து திருநெல்வேலிச் சந்தை, அங்கிருந்து கடை, பிறகு வீடு. சைலன்சர் சூடேற முன்பே வண்டி நின்றுவிடும். தங்கும் ஈரத்தோடு டீசலில் உள்ள கந்தகம் சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் பழசைப் பழுதுபார்த்தே ஓடுகிறவர்கள் நம்மில் பலர்.

கடையில் மூன்று தெரிவு இருந்தது. உள்ளூரில் செய்த சாதாரண இரும்புச் சைலன்சர், ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த சைலன்சர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த புதுசு. நாலாவதை மருமகன் கொண்டுவந்தான். "மாமா, சைலன்சரே வேண்டாம். நேர்க்குழாய் போடுவம். எஞ்சின் நல்லா மூச்சு விடும், இழுவை கூடும்."

அவன் சொன்னதில் பாதி சரி. டர்போ உள்ள டீசல் எஞ்சினில், டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் அது விரைவாகச் சுழலும். சத்தத்தில் ஒரு பங்கை டர்போவே விழுங்கியும் விடும். எங்கள் 2.8 லீற்றர் எஞ்சினில் டர்போ கிடையாது. நேர்க்குழாய் போட்டால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான். சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். கறுப்புப் புகைக்கும் சைலன்சர் மருந்தல்ல. உள்ளே வரும் காற்றுக்கு மிஞ்சி டீசல் போவதால் அந்தப் புகை வருகிறது. எயார் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

ஆனால் மருமகனை மாற்றியது இந்தக் கணக்கு அல்ல. எங்கள் வண்டி சுபஹுக்கு முன்பே சந்தைக்குப் புறப்படும். ஒழுங்கை ஒடுக்கம். அடுத்த வீட்டு மூத்தம்மாவுக்கு இழுப்பு; அவருடைய யன்னல் எங்கள் படலைக்கு நேரே இருக்கிறது. சைலன்சர் வெடித்த மறுநாள் விடியப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணிய மருமகன் இறங்கி வந்தான். "மாமா, மூத்தம்மா யன்னலைச் சாத்திப்போட்டா" என்றான். அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நேர்க்குழாய்ப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் சத்தமான சைலன்சர்களைத் தேடிப் பிடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பொலிஸ் வீதியில் நிற்கும் நாளில் மட்டும் பயப்படுவதில் என்ன இருக்கிறது? அயலவருக்கு நம்மீது உள்ள உரிமை எல்லா நாளும் உள்ளது.

கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே எடுத்தோம், பழைய குழாயின் அதே விட்டத்தில். விலை சாதாரண இரும்பைப்போல மூன்று மடங்கு. பாவித்ததைக் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே துரு கலகலத்தது. சாதாரண இரும்பு எங்கள் குட்டை ஓட்டத்துக்குத் திரும்பவும் உக்கும். ஒரு குறிப்பு: காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சைலன்சருக்குப் பாவிக்கும் 409 வகையில் காந்தம் ஒட்டும், 304இல் ஒட்டாது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை: துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் போல்ட் முறியும். கேஸ்கெட்டையும் தொங்கு ரப்பர்களையும் புதிதாகப் போடுங்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். முதலில் பொட்டு வைத்து, பிரேக் குழாயில் முட்டவில்லை என்று பார்த்த பிறகு முழுதாக ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், குழாயின் வாய் பின்பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். பெட்டிக்கு அடியில் முடிந்தால் புகை மேலே ஏறும். அங்கேதான் நாம் பிள்ளைகளை ஏற்றுகிறோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது.

நேர்க்குழாய் போட்டிருக்கும் தம்பிமாரே, கழற்றிய சைலன்சரை எறிந்திருக்க மாட்டீர்கள், வீட்டுப் பின்பக்கம் எங்காவது கிடக்கும். மருமகன் சனிக்கிழமைகளில் வீட்டில் நிற்பான். ஜக்கும் ஸ்பானரும் இருக்கின்றன. கொண்டு வாருங்கள், திரும்பப் பூட்டித் தருகிறோம். காசு வேண்டாம்.