தலை ஈத்து முயலுக்கு ஒரு தாய் வீடு



முயல் வளர்க்கிறவங்க நாலு பேர் கூடினா இந்தப் பேச்சு வராம இருக்காது. "முதல் ஈத்துல ஏழு குட்டிங்க. ஒண்ணுகூட நிக்கல. ரெண்டைத் தின்னே போட்டுடுச்சு. இனி இதை வெச்சு என்ன பண்றது? கறிக்குத் தள்ளிட்டேன்."

நம்ம வீட்டுப் பொண்ணுக்குத் தலைப்பிரசவம்னா ஏழாம் மாசமே வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறோம். பால் எப்படிக் கொடுக்கணும், குழந்தையை எப்படித் தூக்கணும்னு அம்மா கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பாங்க. கூண்டுல அடைச்சு வெச்ச முயலுக்கு யாரு இருக்கா? வளர்க்கிற நாமதான் அதுக்குத் தாய் வீடு. அதைச் செய்யாம முயல் மேல பழியைப் போடறது நியாயமில்லைங்கறதுதான் என் கட்சி.

போன ஐப்பசியில பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தாங்க. மகளிர் குழுவுல கடன் வாங்கி நாலு பெண் முயலும் ஒரு ஆண் முயலும் வாங்கி விட்டிருந்தாங்க. அதுல முதல் முயல் குட்டி போட்டு ஆறும் செத்துப் போச்சு. "ஏந்தம்பி, இது ராசியில்லாத முயலுங்களா? வீட்டுக்காரரு சந்தையில தள்ளிடலாங்கறாரு"ன்னு கேட்டாங்க. அவங்க குரல்ல முயலைவிடக் கடன் தவணைதான் அதிகம் கேட்டுச்சு.

போய்ப் பார்த்தேன். முயல்கிட்ட ஒரு குறையும் இல்லை. ஆணோட சேர்த்த தேதியை யாரும் எழுதி வைக்கல. இன்னும் நாள் இருக்குன்னு நினைச்சிருக்காங்க. பெட்டியே வைக்காத கூண்டுல, வெறுங்கம்பி வலை மேல அது ராத்திரியோட ராத்திரியா குட்டி போட்டிருக்கு. ரோமமே இல்லாத குட்டி கம்பி மேல எத்தனை நேரம் தாங்கும்?

இங்க ஒரு விசயம் சொல்லணும். நம்ம ஊர்க் காட்டு முயலை மனசுல வெச்சுக்கிட்டுதான் பலபேர் பண்ணை முயலையும் கணக்குப் போடறாங்க. ரெண்டும் வேற வேற சாதி. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோட, கண்ணைத் திறந்துக்கிட்டே பிறக்கும். (அதைப் பிடிக்கறதும் வளர்க்கறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஞாபகம் இருக்கட்டும்.) நாம வளர்க்கிற நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா எல்லாம் வளை தோண்டி வாழற ஐரோப்பிய முயலோட வம்சம். அதோட குட்டிக்குப் பிறக்கும்போது ரோமம் கிடையாது, கண்ணும் மூடியிருக்கும். 10, 12 நாள் கழிச்சுத்தான் கண் திறக்கும். வளைக்குள்ள இருக்கிற கதகதப்பை நாமதான் பெட்டியில கொடுக்கணும்.

அக்காகிட்ட இருந்த இன்னொரு முயல், அதே தாயோட குட்டி, சினையா இருந்துச்சு. அதுக்கும் தலை ஈத்துதான். அதுக்கு மட்டும் சேர்த்த நாள் அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு, அமாவாசைக்கு மறுநாள். "விற்கிறதை அப்புறம் பார்த்துக்கலாங்க்கா, முதல்ல இதைக் காப்பாத்துவோம்"னேன்.

முயலுக்குச் சினைக்காலம் 30 லிருந்து 32 நாள். 28-ஆம் நாள் பெட்டியை வெச்சுடணும். ரொம்ப முன்னாடியே வெச்சா அதுக்குள்ளேயே புழுக்கை போட்டு நாசம் பண்ணிடும். பின்னாடி வெச்சா கம்பி மேல போட்டுடும். பெட்டி ஒண்ணரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் இருந்தாப் போதும். தாய் உள்ள போற பக்கம் மட்டும் அரை அடி உயரத்துக்குத் தடுப்பு வேணும். ஏன்னா பால் குடிக்கிற குட்டி காம்பை விடாம தொங்கிக்கிட்டிருக்கும்போதே தாய் வெளிய குதிச்சுடும். தடுப்பு இருந்தா குட்டி இடறி உள்ளேயே விழுந்துடும். வெளிய விழுந்துட்டா பூனை மாதிரி முயல் குட்டியை வாயில கவ்வித் திரும்பக் கொண்டாந்து போடாது. அது தாய்க்குப் பாசம் இல்லாததுனால இல்லைங்க, அந்தச் சாதிக்கே அந்தப் பழக்கம் கிடையாது.

அடியில கொஞ்சம் மரத்தூள், மேல மெத்துன்னு காய்ஞ்ச புல்லு போட்டோம். கூண்டுக் கால் நாலையும் தண்ணி ஊத்தின கொட்டாங்குச்சியில நிக்க வெச்சோம், செவ்வெறும்பு ஏறாம இருக்க. நாயைத் தோட்டத்து மறுகோடியில கட்டச் சொன்னேன். தீபாவளி நேரம், ஊருக்குள்ள வெடிச்சத்தம் ஓயல. நல்லவேளையா கொட்டகை ஊரை விட்டுத் தள்ளி இருந்துச்சு. பயந்த முயல் பெட்டிக்குள்ள தடதடன்னு குதிச்சுக் குட்டியை மிதிச்சே கொன்னுடும்.

தண்ணி விசயத்துல மட்டும் அக்காகிட்டக் கண்டிசனாச் சொன்னேன். குட்டி போட்ட முயல் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூடக் குடிக்கும். நஞ்சுக்கொடியைத் தாயே தின்னுடறது இயற்கை. அந்த நேரத்துல தாகமும் பயமும் சேர்ந்துட்டா குட்டியையும் சேர்த்துக் கடிச்சுடும். குட்டியைத் தின்ன முயலுன்னு சொல்றதுல பாதிக்குப் பாதி அந்த ராத்திரி தண்ணி காலியாகிக் கிடந்த கூண்டாத்தான் இருக்கும்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்.

30-ஆம் நாள் சாயந்தரம் புல்லை வாயில கவ்விக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்துச்சு. விடியறதுக்குள்ள ஏழு குட்டி. அக்கா போன் பண்ணினதும் போனேன். ஆறு பெட்டிக்குள்ள, அதுல ஒண்ணு செத்தே பிறந்திருக்கு. ஏழாவது கம்பி மேல சில்லிட்டுக் கிடந்துச்சு. வயித்து ரோமத்தையும் அது பிடுங்கிப் போடல. தலை ஈத்துல இப்படி நடக்கறது சகஜம்.

அக்கா அந்தக் குட்டியை எடுத்துக் குப்பையில போடப் போனாங்க. "இருங்க்கா, சூடு பண்ணிப் பார்க்காம செத்துப்போச்சுன்னு சொல்லக்கூடாது"ன்னு வாங்கி அவங்க உள்ளங்கையிலேயே பொத்தி வெச்சேன். பாட்டில்ல வெதுவெதுப்பாத் தண்ணி ஊத்தி, துண்டைச் சுத்தி, அது மேல குட்டியை வெச்சுட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம் போயிருக்கும். "தம்பி, காலு துடிக்குதுங்க"ன்னாங்க.

தாய்க்குக் கொஞ்சம் அகத்திக்கீரையைக் கொடுத்துட்டு, அது வயித்துல இருந்த ரோமத்தை நானே எடுத்தேன். அந்த நேரத்துல ரோமம் இளகியிருக்கும், இழுத்தா வலிக்காம கையோட வரும். குட்டிங்களை ஒண்ணாச் சேர்த்து அதால மூடினோம். கை பட்டா தாய் சேர்க்காதுங்கறது வெறும் பேச்சு. கையைக் கழுவி அந்தப் பெட்டிப் புல்லுலேயே தேய்ச்சுட்டுத் தொட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் ஒரு தடவை பார்த்தே ஆகணும், செத்தது கிடந்தா எடுத்துடணும்.

தாய் பெட்டிக்குள்ளேயே உட்காரலைன்னு அக்காவுக்கு ஒரே கவலை. முயல் கோழி மாதிரி அடைகாக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு தடவை, அதுவும் நாலஞ்சு நிமிசம்தான் பால் கொடுக்கும். வளைக்கு அடிக்கடி போனா நரிக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும்னு அதோட ரத்தத்துலேயே இருக்கு. பால் குடிச்சுதான்னு குட்டி வயித்தைப் பார்த்தே சொல்லிடலாம். குடிச்ச வயிறு சின்ன பலூனாட்டம் உருண்டிருக்கும், குடிக்காதது சுருங்கிக் கிடக்கும்.

மறுநாள் காலையில அத்தனை வயிறும் சுருங்கித்தான் இருந்துச்சு. தலை ஈத்துல பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம். தாயை அக்கா மடியில மல்லாக்கப் படுக்க வெச்சு, குட்டிங்களை ஒவ்வொண்ணாக் காம்புல விட்டோம். காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. மடி சூடாவோ கல்லு மாதிரியோ இருந்தா மடிநோய், அப்பக் கால்நடை டாக்டர்கிட்டப் போகணும். இதுக்கு அப்படி இல்லை. மூணாம் நாள் விடிகாலையில அதுவே பெட்டிக்குள்ள இறங்கி நின்னுச்சு. அதுக்கப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டி வரல.

நாலாம் நாள் ஒரு குட்டி செத்துப் போச்சு. சின்னது, மத்தது முட்டித் தள்ளினதுல பால் கிடைக்கல. என் கொட்டகையில நான் எப்பவும் ரெண்டு மூணு முயலை ஒரே நாள்ல சேர்ப்பேன். ஒண்ணுக்குப் பால் பத்தலைன்னா, ரெண்டு மூணு நாளுக்குள்ள குட்டியை அனுபவப்பட்ட தாய்கிட்ட மாத்திடலாம், அது வித்தியாசம் பார்க்காது. அக்காகிட்ட அன்னிக்கு வேற தாய் இல்லை. மீதி அஞ்சும் பிழைச்சுது, கம்பி மேல சில்லிட்டுக் கிடந்ததும் அதுல ஒண்ணு.

ராசியில்லாததுன்னு சொன்ன அந்த முதல் முயலையும் மார்கழியில மறுபடி சேர்த்தாங்க. 28-ஆம் நாள் பெட்டி. இந்தத் தடவை அதுவே ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டு, ஆறு குட்டியையும் அதுக்குள்ள போட்டுச்சு. நாங்க கையே வைக்கல.

எல்லா முயலுக்கும் இப்படி நடக்கும்னு நான் சொல்லல. பெட்டி, தண்ணி, அமைதி எல்லாம் சரியாக் கொடுத்தும் மூணு ஈத்து தொடர்ந்து குட்டியைக் கொல்ற முயலை நானும் வெச்சுக்கறதில்லை. அதோட பெண் குட்டிங்களையும் இனத்துக்கு நிறுத்தறதில்லை. அஞ்சு மாசம்கூட ஆகாத, ரெண்டரை கிலோ எடை வராத முயலைச் சேர்க்கறதில்லை. கத்திரி வெயில்ல குட்டி விழற மாதிரி நாள் குறிக்கறதும் இல்லை. ஆனா முதல் ஈத்தை மட்டும் வெச்சு எந்த முயலுக்கும் தீர்ப்பு எழுதறதில்லை.

அக்கா வீட்டுக்காரர் இப்ப ஒவ்வொரு கூண்டுலேயும் ஒரு தகரத்துண்டு கட்டித் தொங்க விட்டிருக்காரு. சேர்த்த தேதி, பெட்டி வைக்கிற தேதி ரெண்டும் சாக்பீஸ்ல எழுதியிருக்கும். உங்க கூண்டுலேயும் இன்னிக்கே ஒண்ணு கட்டுங்க.