கைமாறி வந்த கல்

மலை மேலிருக்கும் கோட்டையைப் பற்றிக் கேட்டபோது, நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி சாப்பாட்டு மேசையிலிருந்த கிண்ணத்தை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். பேத்தி வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டதும் பாட்டி திருப்தியாகத் தலையசைத்தார். "அந்தக் கல்லெல்லாம் இப்படித்தான் வந்ததாம்" என்றாள் பேத்தி.

ஜப்பானின் தென்கோடியில், ஒக்கினாவாத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது யோமித்தான். ஏறக்குறைய 40,000 பேர் வாழ்ந்தாலும் தன்னைக் கிராமம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஜப்பானிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட கிராமம் இதுதான். ஊர்க்காரர்கள் வாயில் அதன் பெயர் 'யுன்தான்ஜா'. ஒக்கினாவாவின் தலைநகர் நாஹாவிலிருந்து 58-ஆம் எண் நெடுஞ்சாலையில் பேருந்து வடக்கே போகிறது. வழியில் கடேனா அமெரிக்க விமானத் தளத்தின் கம்பி வேலி வெகுதூரம் ஜன்னலோடு கூடவே வருகிறது. வேலி முடிந்ததும் கரும்புத் தோட்டங்கள். நான் போனது மார்ச் தொடக்கம், வெட்டு முடியும் பருவம். கரும்புக் கட்டுகளை ஏற்றிய லாரிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. காற்றில் உப்பும் பச்சைக் கரும்பின் வாசமும் கலந்திருந்தன.

மறுநாள் காலை ஸக்கிமிக் கோட்டைக்கு ஏறினேன். கோட்டையை இங்கே 'குசுக்கு' என்கிறார்கள். ஒக்கினாவா தனி அரசாக, ரியூக்யூ என்ற பெயரில் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1420-ஐ ஒட்டி கோசாமாரு என்ற தளபதி இதைக் கட்டினார். அதற்கு முன் அவர் இருந்தது யமாதாக் கோட்டையில். அதைப் பிரித்து, ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, சில கிலோமீட்டர் தூரம் கல்லைக் கைக்குக் கை மாற்றியே இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்தார் என்பது இந்தத் தீவு தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பாட்டியின் கிண்ணம் சொன்னதும் அதைத்தான்.

சுற்றுவட்டாரத்தில் ஆளே இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே நடந்து முடித்ததும் சுவர் தெரிந்தது. கோட்டை என்றால் நம் மனத்தில் எழும் கோணங்கள் அதில் இல்லை. அலை ஒதுங்கிய கரையைப்போல உள்வாங்கியும் வெளியே புடைத்தும் வளைந்து வளைந்து போகிறது. குன்று இளகிய செம்மண்ணால் ஆனது. நேர்ச்சுவர் நிலைக்காது என்று தெரிந்துதான் சுவரைத் தடிமனாக்கி வளைத்தும் கட்டியிருக்கிறார்கள். வளைவே சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது. கல்லோ பவளப் பாறையிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல். கையை வைத்தால் சொரசொரப்பு. உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பியின் தடம்.

வளைவு வாசலின் அடியில் வெகுநேரம் நின்றேன். இரண்டு பக்கமிருந்தும் எழுந்து வரும் பெரிய கற்கள் உச்சியில் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆப்புக்கல் செருகியிருக்கிறது. ஒக்கினாவாவின் மற்றக் கோட்டை வாசல்களில் இந்தச் சிறு கல் இல்லை. பெரிய கற்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை நடுவில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும் சின்னக் கல் அது.

இந்தச் சுவருக்குக் கெட்ட காலமும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை உள்ளே பீரங்கி மேடை அமைத்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை ரேடார் தளம் போட்டது. பிறகு ஊர் அதைத் திரும்பப் பெற்று, சரிந்த சுவரை எழுப்பியது. 2000-இல் ரியூக்யூ அரசின் மற்றக் கோட்டைகளோடும் புனித இடங்களோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கட்டியவரின் முடிவு நல்லதாக அமையவில்லை. வேறொரு கோட்டைக்கு மாற்றப்பட்ட கோசாமாரு, துரோகி என்ற பழிக்கு ஆளாகி 1458-இல் மாண்டார். கல் நிலைத்துவிட்டது.

சுவர் மேல் ஏறினால் மேற்கே கிழக்குச் சீனக் கடல். யோமித்தானைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் தைக்கி என்பவர்தான் 1372-இல் சீனாவின் மிங் பேரரசுக்குச் சென்ற முதல் ரியூக்யூத் தூதர். அந்தப் பயணம் திறந்துவிட்ட வழியில் ரியூக்யூக் கப்பல்கள் சயாமுக்கும், 15-ஆம் நூற்றாண்டில் மலாக்காவுக்கும் போயின. அதே மலாக்காத் துறையில் தமிழ் வணிகர்களும் கடை விரித்திருந்தார்கள். போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ் 1510-களில் எழுதியபோது இரு சாராரையும் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். ஒருவர் கொண்டுவந்த பொருளை மற்றவர் கை தொட்டிருக்கும். அந்த நினைப்போடு பார்த்தபோது அந்நியக் கடலாக அது தோன்றவில்லை.

மதியம் மலையிறங்கிக் குயவர் குடியிருப்புக்கு நடந்தேன். மட்பாண்டத்தை இங்கே 'யாச்சிமுன்' என்பார்கள். 1682-இல் ரியூக்யூ அரசு சிதறிக் கிடந்த சூளைகளை நாஹாவின் சுபோயாப் பகுதியில் ஒன்றுசேர்த்தது. நகரம் பெருகப் பெருக, விறகுச் சூளையின் புகை வீடுகளுக்குத் தொந்தரவானது. 1970-களில் நகருக்குள் விறகு எரிக்க முடியாமல் போனது. கிஞ்ஜோ ஜிரோ என்ற குயவர் 1972-இல் தம் சூளையை யோமித்தானுக்கு மாற்றினார். களிமண்ணில் மீனையும் இறாலையும் கீறி உயிர்கொடுத்த கை அவருடையது. 1985-இல் ஒக்கினாவாவின் முதல் 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். 1980-இல் நான்கு குயவர்கள் சேர்ந்து ஒரு பொதுச் சூளையைக் கட்டினார்கள்.

அந்தச் சூளை மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வோர் அறைக்கும் மேலே சிவப்பு ஓட்டுக் கூரை. கீழே மூட்டும் தீ அறை அறையாக மேலேறிப் போகும். அது நிற்கும் நிலம் முன்பு அமெரிக்கப் படை வெடிக்காத குண்டுகளைக் கொண்டுவந்து வெடிக்கவைத்த இடம் என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது. குண்டு வெடித்த மண்ணில் இப்போது தீ மூட்டுவது சோற்றுக் கிண்ணத்துக்காக.

ஒரு பட்டறையில் இளம்பெண் ஒருத்தி பலகையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிண்ணத்தின் உட்புற அடியிலும் மெருகைச் சுரண்டி ஒரு வளையம் விட்டிருந்தது. அதற்கு 'பாம்பின் கண்' என்று பெயர். மேலே வைக்கும் கிண்ணத்தின் அடிக்கால் அந்த வெறும் மண் வளையத்தில் உட்காரும். மெருகு படாததால் தீயில் ஒட்டாது. ஒரே சூட்டில் நிறையக் கிண்ணம் வேகும். விறகு மிச்சம். அப்போதுதான் உறைத்தது. முதல்நாள் பாட்டியிடமிருந்து கைமாறி வந்த கிண்ணத்திலும் இந்த வளையம் இருந்தது. அதில் சோறு வாங்கித் தின்றிருந்தேன், கவனிக்கவில்லை.

இந்த ஊரின் கைத்தறியும் இப்படிக் கைமாறி வந்ததுதான். சிறு புள்ளிகளைப் பூவாகக் கோக்கும் 'ஹனாஓரி' நெசவில் இந்த ஊருக்கென்று தனி மரபு உண்டு. வழக்கொழிந்து, பழைய துணித்துண்டுகளிலும் முதியவர்களின் நினைவிலும் மட்டும் தங்கியிருந்தது. 1964-இல் யோனாமினே சாதா என்ற பெண்மணி அதை மீண்டும் தறிக்குக் கொண்டுவந்தார். 1999-இல் நாடு அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்ற சிறப்பை அளித்தபோது அவருக்கு வயது 90. காசுப்பூ செல்வத்துக்கு, விசிறிப்பூ வம்சம் தழைக்க, காற்றாடிப்பூ நீண்ட ஆயுளுக்கு. உடுத்துகிறவரை வாழ்த்தும் துணி அது.

மூன்றாம் நாள் காலை, போகலாமா வேண்டாமா என்று தயங்கிய இடத்துக்குப் போனேன். நமிஹிராக் குடியிருப்பில் இரண்டு குகைகள் உண்டு. குகையை 'கமா' என்கிறார்கள். கோட்டைச் சுவரின் கல்லேதான், அதே பவளச் சுண்ணாம்பு. 1945 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கப் படை இந்தக் கரையில்தான் இறங்கியது. ஊர்மக்கள் குகைகளுக்குள் ஒளிந்தார்கள்.

சிபிசிரி குகையில் ஏறக்குறைய 140 பேர். எதிரி கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஊட்டியிருந்தார்கள். சீனப் போர்க்களத்தில் ஜப்பானியப் படை செய்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் உள்ளே இருந்தார்கள். தங்களுக்கும் அதுவே நடக்கும் என்று நம்பினார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி 83 பேர் உயிர் துறந்தார்கள். தாய் பிள்ளையைக் கொன்று தானும் மாண்டாள். இறந்தவர்களில் பாதிக்கும் மேல் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஷிமுக்கு குகை. அங்கே ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். இதே ஊர், இதே பயம். ஆனால் ஹவாய்க்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய இரண்டு ஆண்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். அமெரிக்கர்களோடு பழகியவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். சரணடைகிற சாதாரண மக்களைக் கொல்லமாட்டார்கள் என்று கூட்டத்தை அடக்கி, வெளியே போய்ப் பேசினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

சிபிசிரி குகைக்கு ஒரு பள்ளத்தில் இறங்க வேண்டும். மரநிழலில் சிற்றோடை ஓடுகிறது. வாசலில் காகிதக் கொக்குச் சரங்கள் தொங்கின. உள்ளே எலும்புகள் இன்னும் இருக்கின்றன, நுழையாதீர்கள் என்று இறந்தவர்களின் குடும்பத்தார் பலகை வைத்திருக்கிறார்கள். வெளியிலேயே நின்று கும்பிட்டேன். கைக்குக் கை மாறுவது கல்லும் கலையும் மட்டுமல்ல, பயமும் அப்படித்தான் வருகிறது. ஒரு வாய் சொன்ன பயம் 83 உயிரைக் குடித்தது. இரண்டு பேர் கண்டறிந்த உண்மை ஆயிரம் உயிரைக் காத்தது. ஒப்படைக்கிறவர் எதை ஒப்படைக்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிபிசிரியில் பிழைத்தவர்கள் 38 ஆண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1983-க்குப் பிறகே முழுக்கதையும் வெளிவந்தது. 2017-இல் சில பதின்பருவப் பையன்கள் குகைக்குள் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். ஊரே கொதித்தது. இங்கே என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாமல் செய்துவிட்டார்கள். அவர்களைத் தண்டித்ததோடு விட்டுவிடவில்லை. குகை வாசலில் நினைவுச் சிற்பம் செய்த கிஞ்ஜோ மினோரு என்ற சிற்பி, அந்தப் பையன்களையே கூட வைத்துச் சிறிய புத்தர் உருவங்களைச் செய்யவைத்தார். அவை குகையைச் சுற்றி ஓடையோரம் அமர்ந்திருக்கின்றன. ஒன்றின் தலையில் இலை விழுந்திருந்தது. எடுத்துவிட்டுப் படியேறினேன்.

வீடு திரும்பியபோது பன்னிரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. அன்று மார்ச் 4. ஜப்பானிய மொழியில் மூன்றும் நான்கும் சேர்ந்தால் 'சான்ஷின்' என்பதுபோல ஒலிக்கும். பாம்புத்தோல் போர்த்திய மூன்று தந்தி வாத்தியத்தின் பெயர் அது. பாட்டோடு சான்ஷினைச் சேர்த்தவர் என்று போற்றப்படும் அகாஇன்கோவின் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1993 முதல் இந்த நாளில், வானொலியின் மணியொலிக்கு ஒக்கினாவா முழுவதும் ஒரே மங்கலப் பாட்டை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள்.

பாட்டி சமையலறையில் வானொலிக்கு எதிரே கால் மடித்து உட்கார்ந்திருந்தார். தம் அப்பா போர்க்கைதி முகாமில் தகர டப்பாவில் சான்ஷின் செய்தவர் என்றார். வெறும் டப்பா உடம்பு, மடக்குக் கட்டிலின் மரம் கழுத்து, பாரசூட் நூல் தந்தி. எல்லாம் இழந்த மனிதர்கள் முதலில் செய்துகொண்ட பொருள்களில் அதுவும் ஒன்று. "வாசித்தால் அழுகை வரும், அழுதால் பசி மறக்கும் என்பாராம்" என்றாள் பேத்தி.

மணி ஒலித்தது. வானொலியில் நூற்றுக்கணக்கான தந்திகள் ஒன்றாக எழுந்தன. அவற்றோடு பாட்டியின் தந்தியும். மெதுவான பாட்டு. ஒவ்வொரு சொல்லும் நீண்டு, அடுத்த சொல்லுக்கு இடம்விட்டு நின்றது. திறந்த ஜன்னல் வழியே பக்கத்து வீட்டிலிருந்தும் அதே பாட்டு கேட்டது. பாட்டி கண்ணைத் திறக்கவேயில்லை.

அன்றைக்கு ஒவ்வொரு மணிக்கும் இது நடக்கும். ஒரு மணி அடிக்கப் போகும்போது பாட்டி ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்த எருமைக்கொம்பு மீட்டியைக் கழற்றிப் பேத்தியிடம் நீட்டினார். அவள் தயங்கினாள், பாதிதான் தெரியும் என்றாள். பாட்டி கையை மடக்கவில்லை. நீட்டியபடியே காத்திருந்தார். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள்.