துர்துக்கில் ஒரு பெரியவர்

துர்துக் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். லடாக்கின் வடக்கு மூலையில், காரகோரம் மலைகளின் காலடியில், ஷியோக் ஆற்றோரம் கிடக்கும் சிற்றூர் அது. லே நகரிலிருந்து கர்துங் லா கணவாயைக் கடந்து, நூப்ரா பள்ளத்தாக்கினூடாக ஒரு முழுப்பகல் பயணம். அங்கு வாழ்பவர்கள் பல்தி மக்கள். அவர்களது மொழி திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மார்க்கத்தால் முஸ்லிம்கள், பெரும்பாலோர் நூர்பக்‌ஷியா எனும் சூஃபி மரபினர். லடாக் என்றால் பௌத்த மடாலயங்கள்தாம் என்று சுற்றுலாப் படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன.

2023 ஓகஸ்டில், அனுமதிப்பத்திரம் பெற்று நாங்கள் ஐவர் அங்கு போனோம். லக்னோவில் ஓதிய மௌலவி ஒருவர் உடன் வந்திருந்தார். உர்தூ அவர் வாயிலாகவே எனக்குக் கிடைத்தது. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தட்டு நிறைய அப்ரிகொட் பழங்களைக் கொண்டுவந்து வைத்து, “சூளி, சாப்பிடுங்கள்” என்றார்.

எங்கள் நாட்டைக் கேட்டார். சொன்னோம். சம்பிரதாயமாக நான் அவர் பிறந்த ஊரைக் கேட்டேன். கீழே தெரிந்த கல்வீட்டைக் காட்டி, “அந்த வீடுதான். நான் பிறக்கும்போது அது பாகிஸ்தானில் இருந்தது” என்றார்.

அவருடைய வாப்பா பிறந்தபோது அதே வீடு காஷ்மீர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1840இல் டோக்ரா படைகள் பல்திஸ்தானைப் பிடித்ததன் விளைவு அது. 1947-48 போரின் முடிவில் பல்திஸ்தான் பாகிஸ்தான் வசமாயிற்று. 1971 டிசம்பரில் மேஜர் செவாங் ரின்சென் தலைமையில் இந்தியப் படை ஆற்றோரமாக முன்னேறி துர்துக்கைக் கைப்பற்றியது. 17ஆம் திகதி போர்நிறுத்தம். மறுவருடம் சிம்லா ஒப்பந்தம். சர்வதேச எல்லையோரம் பிடித்த நிலங்களை இரு நாடுகளும் திருப்பிக் கொடுத்தன. காஷ்மீரில் மட்டும், போர் நின்றபோது எது எவர் கையில் இருந்ததோ அதுவே கட்டுப்பாட்டுக் கோடு. துர்துக், சலுங்கா, தியாக்‌ஷி, தாங் ஆகிய ஊர்கள் இப்படித்தான் இந்தியாவாயின.

அந்த டிசம்பரில் வீட்டில் இல்லாதவர்களின் கதிதான் கொடியது. பெரியவருடைய மூத்த காக்கா அப்போது ஸ்கர்துவில் படித்துக்கொண்டிருந்தார். ஸ்கர்து ஆற்றின் கீழ்த்திசையில், சில நாள் நடைதூரத்தில் இருக்கிறது. கோடு விழுந்த பின்னர் அங்கு போவதென்றால் லே, டில்லி, விசா, வாகா, லாகூர், பிறகு மறுபடியும் வடக்கே மலையேற வேண்டியிருந்தது. அவர்களிடம் அதற்குக் காசும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

துர்துக்கில் வீட்டுக்கு வீடு நங்சுங் எனும் கற்குளிரறை உண்டு. பாறையிடுக்கால் வரும் குளிர்காற்றில் வெண்ணெயும் இறைச்சியும் பழமும் கெடாதிருக்கும்.

“உம்மா ஒவ்வொரு வருடமும் காக்காவின் பங்கை அதில் ஒதுக்கி வைப்பா. மறுகோடையில் அதை ஆட்டுக்குப் போடுவோம். மௌத்தாகும்வரை நிறுத்தவில்லை.”

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தவன் நான். எங்களுக்கு ஊர் போயிற்று, கடவுச்சீட்டு மாறவில்லை. இவர் திண்ணையை விட்டு இறங்கவேயில்லை, நாடு மாறியது. எது பெரிய இழப்பென்று தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மௌலவிக்கு ஆவல் தாங்கவில்லை. “மனதளவில் நீங்கள் எந்த நாட்டவர்?” என்று கேட்டுவிட்டார்.

பெரியவர் முகம் சற்று இறுகிற்று. “இதை இங்கே யாரும் கேட்பதில்லை ஹஸ்ரத். கேட்பவர்கள் சீருடையில் வருவார்கள்” என்றார்.

நாட்டுப்பற்று பற்றி எழுதப்பட்ட பல நூல்களை விட அந்த ஒரு வசனம் எனக்குக் கனமாகத் தெரிந்தது. வாக்களிக்கிறார், ஆதார் அட்டை வைத்திருக்கிறார். 2010இல் ஊர் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டபின் பேரப்பிள்ளைகள் விடுதி நடத்துகிறார்கள். 2019 ஒக்டோபர் 31இல் லடாக் தனி யூனியன் பிரதேசமானபோது விலாசத்தில் இன்னொரு சொல் மாறியது, அவ்வளவுதான் என்றார். இந்தியாவைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. பாகிஸ்தானைப் பற்றியும் சொல்லவில்லை. அது அச்சமா திருப்தியா என்று வந்துபோகும் நாங்கள் தீர்மானிப்பது நியாயமில்லை.

காக்கா ஸ்கர்துவிலேயே மௌத்தாகிவிட்டாராம். ஜனாஸாவைக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார். இப்போது காக்காவின் மகன் வட்ஸ்அப்பில் பேசுகிறான். எங்களுக்குத் தேநீர் ஊற்றும்போதே அவனுடைய குரல்பதிவு ஒன்று வந்தது. பல்தி மொழி, ஒரு சொல்லும் புரியவில்லை. பெரியவர் இரண்டு தடவை கேட்டார். என்ன சொல்கிறான் என்று மௌலவி விசாரித்தார்.

“அங்கே சூளி முந்தியே பழுத்து முடிந்துவிட்டதாம். நம்முடையது எப்படி என்று கேட்கிறான்.”