இரண்டு வீட்டு வேலி

வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்கள் எலுமிச்சையைப் பார்ப்பார்கள், தென்னையைப் பார்ப்பார்கள், மேற்கே நிற்கும் மலையைப் படம் எடுத்துக்கொள்வார்கள். வேலியை யாரும் பார்ப்பதில்லை. எனக்கோ தோட்டத்தைவிட வேலிதான் நிறையச் சொல்லும். கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்திருந்தால் தோட்டக்காரர் கையில் காசு இருக்கிறது என்று தெரியும். ஆடாதோடை நின்றால், பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆடாதோடை ஆள் உயரத்தையும் தாண்டிப் புதராக அடையும். வருஷத்துக்கு ஒருதரமாவது கழித்துவிடாவிட்டால் இரண்டு பக்கமும் சாய்ந்து வரப்பை மூடிவிடும். ஒருவர் மட்டும் வெட்டினால் அரை வேலைதான். அதனால் தொழி உழவுக்கு முன்னால், “அண்ணாச்சி, நாளைக்கு வேலியக் கழிச்சிருவமா?” என்று இருவரில் ஒருவர் கூப்பிட்டாக வேண்டும். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் முகம் கொடுக்காமல் இருந்தவர்களும் அன்றைக்கு அரிவாளோடு வந்து நிற்பார்கள். முதலில் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் ஒருவர் வெற்றிலையை நீட்டுவார். வெட்டிய தழையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். தொழியில் போட்டு மிதித்தால் நெல்லுக்கு நல்ல உரம். கம்பிவேலியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒருதரம் இழுத்துவிட்டால் ஆயுசுக்கும் பேசாமலே இருந்துகொள்ளலாம்.

செடியை அறியாதவர்களுக்கு ஒரு அடையாளம். இலை மாவிலைச் சாயலில் நீண்டு நுனி கூர்ந்திருக்கும். ஆனால் மாவிலையின் விறைப்பு இருக்காது. கசக்கினால் கனத்த வாடை வரும். பூ வெள்ளை. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: மேலும் கீழுமாக இரண்டு உதடு, கீழுதட்டில் ஊதாக் கோடுகள் தொண்டைக்குள் இறங்கிப் போகும். தேனீக்கு வழி காட்டும் கோடுகள் அவை. தேனீ வரும், ஆடு வாய் வைக்காது. வேலியில் நிற்க அதைவிட என்ன தகுதி வேண்டும்?

வேலிக்கு நிற்பதோடு இருமலுக்கு மருந்தாவதும் ஆடாதோடையின் வேலை. அதே வேலைக்கு ஐரோப்பாவிலும் நம் காஷ்மீர், இமாசல மலைச்சரிவுகளிலும் முல்லின் என்றொரு காட்டுச்செடி உண்டு. இலையெல்லாம் கம்பளி போர்த்த மாதிரி ரோமம். கல்லும் சரளையுமான இடத்தில் யாரும் விதைக்காமல் முளைக்கும். இருமலுக்கு அங்கே பாட்டிமார் தேடிப் போவது அதை. அதற்கும் நம் ஆடாதோடைக்கும் குடும்ப உறவு இல்லை. பார்க்கும் உத்தியோகம் ஒன்றுதான்.

ஆடாதோடையின் பச்சை இலையை எவ்வளவு இடித்தாலும் சாறு லேசில் இறங்காது. இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்து, சூடு ஆறுவதற்குள் துணியில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். எங்கள் ஆச்சி அதில் தேன் கலந்து கரண்டியில் ஏந்திக்கொண்டு வருவாள். கசப்பு நாக்கை விட்டுப் போகச் சாயங்காலமாகும். ஆனால் நெஞ்சில் கட்டிய சளி இளகும். இலையில் உள்ள வாசிசின் என்ற சத்து செய்கிற வேலை அது. அதையே மூலமாக வைத்து 1960களில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்தது ஆம்பிராக்சால். மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கும் சளி சிரப் பலவற்றுக்கும் பூர்வீகம் நம் வேலிதான்.

இருந்தாலும் இலைதானே என்று இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. இது கருப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அளவு தெரியாமல் கொடுப்பதும் தப்பு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திராமல் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். காசநோய் கைவைத்தியத்துக்கு அடங்காது.

2020இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீருக்கு ஊரே வரிசையில் நின்றது. பதினைந்து சரக்கு சேரும் அந்தச் சூரணத்தில் ஆடாதோடை இலையும் ஒன்று. பையைத் தூக்கிக்கொண்டு இலை தேடிப் போனவர்களைப் பார்த்தேன். அவர்களில் சிலர் தங்கள் வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பி இழுத்தவர்கள். புதர் ஓரடி இடத்தைத் தின்கிறது, பாம்பு அடைகிறது என்று அப்போது காரணம் சொன்னார்கள். இரண்டும் பொய்யில்லை. பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள்தான் முதலில் கம்பிக்குப் போனார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். ஓரடி நிலம் மிச்சமானது. இப்போது மேல்தோட்டத்துக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கீழ்த்தோட்டத்துக்காரருக்கு வாட்ஸப்பில்தான் சேதி போகிறது.

மறுபடி வைப்பது சிரமமே இல்லை. விதை தேட வேண்டாம். முற்றிய கிளையில் மூன்று நான்கு கணு உள்ளதாக ஒரு சாண் குச்சி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். மழை தொடங்கும் சமயம் தோதானது. தண்ணீர் கட்டி நிற்கும் இடம் மட்டும் ஆகாது, அழுகிவிடும். வேர் பிடித்த பிறகு கோடையையும் தாங்கும். குச்சிக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். கழிக்கும் நாளில் போய் நின்றால் ஒரு கட்டே தூக்கிக்கொண்டு வரலாம். எல்லைக்கோட்டின் மேல் ஊன்றுவதாக இருந்தால் மட்டும் பக்கத்துக்காரரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குச்சி துளிர்ப்பதற்குள் சர்வேயர் வந்து நிற்பார்.