முன்வரிசை இருக்கை

விருந்தில் கடைசி இடத்தில் அமர்ந்தவரை, விருந்தளிப்பவர் மேலிடத்திற்கு அழைக்கும் உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். 2018ஆம் ஆண்டு ஒரு விமான நிலையத்தில் நாமும் அவ்வாறே மேலிடத்திற்கு அழைக்கப்பட்டோம். அன்று அடைந்த மகிழ்ச்சியும், அதைத் தொடர்ந்து வந்த வெட்கமும் இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

புனித பூமிக்குத் திருப்பயணிகளை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் பொறுப்பு சில காலம் நம்மிடம் இருந்தது. ஒரே நிறுவனத்தின் விமானங்களில் பலமுறை பறந்ததால் நம் பெயரில் புள்ளிகள் சேர்ந்தன. உறுப்பினர் அட்டையும் வெள்ளியிலிருந்து தங்கத்திற்கு உயர்ந்தது. அவ்வாண்டு திரும்பும் வழியில், வளைகுடா நாடொன்றில் சென்னை விமானத்தில் ஏறும்போது, வாயிலில் நின்ற பணியாளர் நம் சீட்டை வாங்கிக்கொண்டு வேறொரு சீட்டைத் தந்தார். சாதாரண வகுப்பு நிரம்பிவிட்டதாம். அடிக்கடி பயணிப்பவர் என்பதால் நமக்கு முன்பகுதியில், கூடுதல் கட்டணமின்றி இடமாம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம்.

கால் நீட்டிப் படுக்கும் இருக்கை. வெள்ளைத் துணி விரித்துப் பரிமாறிய உணவு. நமக்கும் நம்முடன் வந்த மக்களுக்கும் இடையே ஒரு திரை. நான்கு மணி நேரமும் நன்றாக உறங்கினோம். சென்னையில் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது, குழுவிலேயே மூத்தவரான ஒரு தாய் வீங்கிய கால்களோடு மெல்ல நடந்து வந்தார். "சாமி, நல்லாத் தூங்குனீங்களா? பத்து நாளா எங்களுக்காக அலைஞ்சீங்களே" என்றார். மூட்டு மடங்காமல் அவர் இரவில் பெரும்பகுதி விமானத்தின் பின்புறத்தில் நின்றே வந்தார் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம். அந்தத் திரையை நாம் ஒருமுறையேனும் விலக்கிப் பார்க்கவில்லை.

அடிக்கடி பறப்போருக்கு உயர்வகுப்பை இலவசமாக வழங்குவது முறைதானா என்னும் கேள்வி அன்று நம்முள் எழுந்தது. 1981ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் பயணதூரத்திற்குப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. கதவு மூடியபின் காலி இருக்கையால் நிறுவனத்திற்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. அதை வழக்கமான வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் செலவு சிறிது. அவர் வேறு நிறுவனத்தை நாடாமல் இருப்பதோ பெரிய இலாபம். ஆகவே இது வாணிபமேயன்றிக் கொடையன்று. 2015இல் டெல்டா, யுனைடெட் நிறுவனங்களும், 2016இல் அமெரிக்கனும், பறந்த தூரத்தை விட்டுச் செலுத்திய பணத்தை வைத்தே பரிசுப் புள்ளிகளைக் கணக்கிடத் தொடங்கியபோது இது வெளிப்படையாகவே தெரிந்தது.

வாணிபம் பாவமன்று. கொடுப்பதாக வாக்களித்திருந்தால் கொடுப்பதே நீதி. வாக்களிக்காத இடத்தில், "இத்தனை முறை பறந்த எனக்கு இல்லையா?" என்று முறையிடுவோர், திராட்சைத் தோட்டத்தில் முதல் மணி நேரத்திலிருந்து உழைத்து முணுமுணுத்த வேலையாட்களுக்கு ஒப்பாவர்.

ஆனால் புள்ளிகளைச் சம்பாதித்தவர் யார்? பறப்பவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் மற்றொருவர் என்பது பல வேளைகளில் நிகழ்வது. ஜெர்மனியில் நாடாளுமன்ற உறுப்பினராக அலுவல் பயணங்களில் சேர்த்த புள்ளிகளைச் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தியது வெளியானதால், 2002 ஜூலையில் பெர்லின் மாநில அமைச்சர் கிரகோர் கீசி பதவி விலகினார். அமெரிக்காவிலோ, நடுவண் அரசு ஊழியர்கள் அத்தகைய புள்ளிகளைத் தாமே வைத்துக்கொள்ள 2001ஆம் ஆண்டின் இறுதியில் சட்டமே இடமளித்தது. அதற்கு முன் அவை அரசுக்கு உரியவை. ஒரு நாட்டில் பதவியை இழக்கச் செய்தது, மற்றொரு நாட்டில் உரிமையாயிற்று. சட்டம் அனுமதிப்பதெல்லாம் மனச்சான்றின் கேள்விக்கு விடையாகிவிடாது அன்றோ?

நம் நிலை என்ன? நம் பயணச் செலவு திருப்பயணிகள் செலுத்திய தொகையிலிருந்தே வந்தது. நகையை அடகு வைத்தும், சீட்டுப் பிடித்தும் சேர்த்த பணம் அது. பொன்னிற அட்டையில் நம் பெயர் இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்களோ திரைக்கு அப்பால் இருந்தார்கள். நண்பரே, மேலே வாரும் என்ற அழைப்பாக நாம் எண்ணி மகிழ்ந்தது, உண்மையில் பிறருடைய கணக்கிலிருந்து வந்த வரவு.

ஆள்பார்த்து மதிப்பளிப்பது பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், ஏழைக்கு நிற்குமிடமும் காட்டுவதைத் திருத்தூதர் யாக்கோபு கடிந்துகொண்டது, தொழுகைக் கூடத்தைக் குறித்தே. விமான நிறுவனம் தன் வாடிக்கையாளரைத் தரம் பிரிப்பதைவிட, திருவிழாத் திருப்பலியில் நன்கொடையாளருக்கு முதல் வரிசை நாற்காலிகளை ஒதுக்கும் நாம் அஞ்ச வேண்டியது அதிகம்.

எனவே நம் முடிவு இது: வாக்களித்த சலுகையை நிறுவனங்கள் தாராளமாக வழங்கட்டும். வாக்குறுதிக்கு அப்பாற்பட்டு ஓர் இருக்கை எஞ்சும்போது, அட்டையின் நிறத்தைப் பாராமல் முதியோரையும் கருவுற்ற தாய்மாரையும் நோயுற்றோரையும் முதலில் நோக்கினால் எவ்வளவு நன்று!

அதன்பின் இருமுறை நமக்கு அத்தகைய இடம் கிடைத்தது. குழுவில் வேறொருவருக்குத் தரலாமா என்று வேண்டினோம். ஒருமுறை, பெயரை மாற்ற இயலாது என்று மறுத்துவிட்டார்கள். நாமும் பின்வரிசையிலேயே அமர்ந்துகொண்டோம். மறுமுறை இசைந்தார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் தயங்கித் தயங்கித் திரையைத் தாண்டிச் சென்றார். அன்று நம் முழங்கால் முன்னிருக்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆயினும் உறக்கம் வரத் தவறவில்லை.