இறக்கத்தில் ஓடுவது

திருவனந்தபுரத்தில் அரை மாரத்தான் ஓட வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், ஏற்றத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. ஏற்றம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மூச்சு வாங்கும், கால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அறுபதைக் கடந்த எங்களைப் போன்றவர்களைக் கவிழ்ப்பது இறக்கம்தான். ஏழு குன்றுகளின் மேல் அமைந்த ஊர் என்று இதைச் சொல்வார்கள். பேருந்தில் போகிறவருக்கு அது கேள்விப்பட்ட பெருமை. ஓடுகிறவருக்கோ தொடையும் முழங்காலும் அன்றாடம் அறிந்த விஷயம்.

பயிற்சிக்கு நாங்கள் போகும் வழியைச் சொல்கிறேன். விடியுமுன் மியூசியம் வாசலில் கூடி, வெள்ளயம்பலம் வழியாகக் கவடியார் போவோம். அரண்மனைக்குச் செல்லும் அகலமான சாலை, காலுக்கு இதமானது. அங்கே எல்லோருக்கும் கால் துள்ளும். அம்பலமுக்கு தாண்டியதும் பேரூர்க்கடை மேடு. அங்கிருந்து திரும்பி, பருத்திப்பாறை, கேசவதாசபுரம், பட்டம், பிளாமூடு என்று ஏறி இறங்கி, பி.எம்.ஜி. மேட்டை முக்கி ஏறினால் பாளையம். பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரி, பேட்டை, சாக்கை வழியாகச் சங்குமுகம் கடற்கரை வரைக்கும் மொத்தத்தில் இறக்கம். கடலைத் தொட்டுவிட்டு ஊர்ப் பக்கம் சற்றுத் திரும்பினால் அரை மாரத்தானின் 21.0975 கிலோமீட்டர் கிட்டத்தட்ட ஆகிவிடும்.

பேரூர்க்கடையிலிருந்து இறங்கும்போதுதான் புதியவர்கள் எங்களை முந்துவார்கள். காலை முன்னால் வீசி, குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பிரேக் போட்டபடியே ஓடுவார்கள். பார்க்கவே பதறும். ஏற்றத்தில் முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அப்படி இழுபட்டபடி உழைக்கும்போதுதான் தசை நாரில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லும். இளவயதில் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும் வலி, இந்த வயதில் வாரம் முழுக்க நிற்கும்.

இறங்குவதற்கென்று ஒரு முறை உண்டு. அடியைக் குட்டையாக்கி, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் போய் விழக் கூடாது. முழங்கால் ஒருபோதும் முழுக்க நீள வேண்டாம். உடம்பு கணுக்காலிலிருந்து இலேசாக முன்னால் சாய்ந்து சரிவோடு சேர்ந்து போகட்டும். கைகள் கொஞ்சம் அகன்றால் நிலை தடுமாறாது. பார்வை காலடியில் இல்லாமல் பத்துப் பதினைந்து அடி முன்னால் இருக்க வேண்டும். சரியாக இறங்குகிறோமா என்று தெரிந்துகொள்ளக் காதே போதும். பாதம் தரையில் 'தப், தப்' என்று அறைந்தால் அந்த அறை நேரே முழங்காலுக்குப் போகிறது. சத்தம் அடங்கி, உரசல் போலக் கேட்டால் நல்லது. ஷூவின் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு, மேல்பாதத்தில் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெருவிரல் ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து, நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்றே போகும்.

தசையிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு முறை மிதமாக இறங்கிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே பாரத்தைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். அதனால் போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, அதிக தூரம் இல்லாமல், இறக்கத்தில் மட்டும் நிதானமாக ஓடிப் பழகுவோம். வீட்டில் தோப்புக்கரணம் போடுவேன். பழவங்காடி கணபதி முன்னால் அவசரமாகப் போடுவது போல அல்ல, நான்கு வரை எண்ணிக்கொண்டே மெல்லக் கீழே போய், சாதாரணமாக எழுவது. மெல்லக் கீழே போகிற அந்த நான்கு எண்ணிக்கையில்தான் இறக்கத்துக்கான பலம் இருக்கிறது. வயது ஏற ஏறத் தசை கரைவது இயல்பு. வெறும் ஓட்டம் அதைத் தடுத்து நிறுத்திவிடாது, பாரம் தாங்கும் பயிற்சியும் வேண்டும். ஓடுவதை மட்டும் பயிற்சி என்று நம்பும் நண்பர்களிடம் இதற்காகவே நான் சண்டை போடுவேன்.

இறக்கத்துக்கு அடுத்த சோதனை ஈரக்காற்று. இந்த ஊரில் வருடத்தின் பெரும்பகுதி விடியற்காலை வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டி விழுந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் சொட்டத்தான் செய்கிறது. பாதி தூரத்துக்குள் காலுறை நனைந்து, ஷூவுக்குள் தண்ணீர் சளசளக்கும். தோலுக்கு ரத்தம் அனுப்பியும் தசைக்கு ரத்தம் அனுப்பியும் இதயம் இரட்டை வேலை செய்யும். வேகம் ஒரே அளவில் இருக்கும்போதே நாடித்துடிப்பு கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஏறிக்கொண்டு போகும். பெங்களூரில் ஓடிய நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்து ஓடுகிறவர்கள் பாளையத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே கடிகாரத்தைவிட மூச்சை நம்ப வேண்டும் என்பது என் கட்சி. அதிகபட்ச நாடித்துடிப்புக்கு 220லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 208லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் கணக்கு 2001இல் வந்தது. அறுபது வயதுக்கு முதல் கணக்கு 160 காட்டும், இரண்டாவது 166 காட்டும். இரண்டும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். அதைவிட, பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது நம்பகமானது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர். கவடியார் சாலையில் என் வேகம் கூடினால் பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "பய்யெ மதி சாரே, பய்யெ மதி." மெதுவாகப் போனால் போதும் என்கிறார். முதல் பத்து கிலோமீட்டர் வரை முழு வாக்கியம் பேச வேண்டும். பி.எம்.ஜி. மேட்டில் இரண்டு மூன்று வார்த்தை வந்தால் போதும். அங்கே நடந்து ஏறினாலும் குறைவில்லை. வேகமாக நடப்பவருக்கும் தத்தளித்து ஓடுபவருக்கும் அந்த மேட்டில் வித்தியாசம் சில நொடிகள்தான். நடந்தவருக்கு மேலே போனதும் ஓடக் கால் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்க நேரமும் அதிகம் என்பதால் எங்கள் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாகத்துக்குக் குடிக்கலாம், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் மேசைக்கு மேசை நின்று குடிக்க வேண்டியதில்லை. நான் கிளம்புமுன் ஒரு ஏத்தன் பழம் சாப்பிடுவேன். வழியில் உப்புக் கலந்த நீர். முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி அல்லது மோர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்த ஊர் வெக்கையில் நீண்ட தூரம் ஓடக் கூடாது. இ.சி.ஜி.யும் டிரெட்மில் சோதனையும் எடுத்துக்கொண்டு தொடங்குவதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மெதுவாக ஓடுவதில் ஊரைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. வெள்ளயம்பலத்தில் அய்யன்காளி சிலையைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். பொதுச் சாலையில் நடக்கவே தம் மக்களுக்கு உரிமை இல்லாத காலத்தில், 1893இல் வில்வண்டி பூட்டி அதே பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றவர் அவர். கோவளத்துக்குப் பக்கத்திலுள்ள வெங்ஙானூர்க்காரர். சாலை எனக்கும் சொந்தம் என்று எண்ணிக்கொண்டு விடியலில் நாங்கள் ஓடுவதற்கு இப்படி யாராவது முன்னால் போராடியிருக்க வேண்டும். பேரூர்க்கடை மேட்டில் ஏறும்போது மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை நினைவு வரும். அங்கே மகாராஜா கொடுத்த நிலத்துக்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரை வைத்து ஹார்விபுரம் என்று அழைத்தார். 42 வயதில் இறந்துபோனார். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனிதர் இருந்த மேட்டில், அவருக்குக் கிடைக்காத வயதில் நான் ஓடுகிறேன் என்று எண்ணும்போது, கிடைத்த ஒவ்வொரு வருடத்தையும் பத்திரமாகச் செலவழிக்கத் தோன்றும்.

வயதான ஓட்டக்காரர் என்றதும் எல்லோரும் 100 வயதில், 2011இல், டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்த ஃபௌஜா சிங்கைச் சொல்வார்கள். வணங்கத்தக்கவர். ஆனால் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் கனடாவின் எட் விட்லாக். 2004இல், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் முடித்தவர். தம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடிப் பயிற்சி எடுத்தார். வேகத்தின் அடியில் அவ்வளவு மெதுவான ஓட்டம் கிடந்தது. நமக்குப் பக்கத்திலேயே, 2021இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்கால் அடிபட்ட பிறகு ஓடத் தொடங்கி, நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் அந்த விடாமுயற்சியை ஏற்கலாம்.

சங்குமுகத்தை அடைந்து திரும்பும் இடம்தான் இந்த வழியில் கடினம். கானாயி குஞ்ஞிராமன் செய்த ஜலகன்னிகை சிலை பின்னால் போய்விடும், கடற்காற்றும் போய்விடும். ஊரை நோக்கித் திரும்பினால் முகம் கிழக்கே இருக்கும், ஏறிய சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். இளைஞர்கள் இந்த இடத்தை வெயில் ஏறுமுன்பே தாண்டியிருப்பார்கள். இரண்டே முக்கால் மணி, மூன்று மணி நேரம் எடுக்கும் நாங்கள்தான் கடைசி ஐந்து கிலோமீட்டரை முழு வெயிலில் ஓடுகிறோம். இறக்கத்தில் உழைத்த தொடை அப்போதுதான் கணக்குக் கேட்கும். அங்கே நான் விளக்குக் கம்பங்களைப் பார்த்து ஓடுவேன். இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பெருமைக்கு அங்கே இடமில்லை, தலை சுற்றினால் நின்றுவிட வேண்டும்.

கோவளம் மாரத்தான், யு.எஸ்.டி. திருவனந்தபுரம் மாரத்தான் என்று இந்த ஊரிலும் இப்போது ஓட்டப் போட்டிகள் நிலைத்துவருகின்றன. நரைத்த தலைகள் எண்ணிக்கையில் கூடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். எந்த ஊரில் போட்டி நடத்துகிறவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மெடலின் எடையையும் டீ-ஷர்ட்டின் நிறத்தையும் பற்றிக் கவலைப்படாதீர்கள். அரை மாரத்தானை விடியுமுன், ஐந்து மணிக்குள் தொடங்குங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் வைக்கும் தண்ணீர் மேசைகளையும் ஆம்புலன்சையும், கடைசி ஓட்டக்காரர் தாண்டிய பிறகே எடுங்கள்.