நகை மேல் நகை

அரபுக் கல்லூரியில் நாங்கள் ஃபிக்ஹு படித்த காலத்தில், வகுப்பே சிரித்த பாடம் ஒன்றுண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பெண்களின் நகையில் வரம்பு மீறியது எது என்பதற்கு ஓர் உதாரணம் வரும். இருநூறு தீனார் எடையுள்ள கால் கொலுசு! ஒரு தீனார் நாலேகால் கிராம் என்று வைத்தால் 850 கிராம்; நம்மூர்க் கணக்கில் 106 பவுண். இதைக் காலில் மாட்டிக்கொண்டு எப்படி நடப்பது என்று கேட்டோம். "நடக்க முடியாது, அதனால்தான் கூடாது" என்றார் உஸ்தாத்.

அதே பாடத்தை இப்போது நான் நடத்துகிறேன். மூன்று பெண் மக்களுக்கு வாப்பாவான பிறகு, அதே பாடத்தில் வரும் இன்னொரு சட்டம்தான் என் கண்ணில் அதிகம் படுகிறது. ஒரு பெண் பல கொலுசுகளை வைத்திருந்து, இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மாற்றி மாற்றி அணிந்தால் குற்றமில்லை என்று ஷாபிஈ மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. மாற்றி அணியும் ஆசையை அந்த இமாம்கள் அறிந்திருந்தார்கள். அறியாமல் போனது நாம்தான். நம் வீடுகளில் நகை என்றால் இரண்டே நிலைமை. கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது, மற்ற நாட்களில் எல்லாவற்றையும் வங்கியில் பூட்டி வைப்பது.

மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். நான் பேருவளைப் பக்கத்தவன். கல் வியாபாரப் பேச்சு காதில் விழாமல் எங்கள் பகுதியில் எவரும் வளர்வதில்லை. அதோடு, என் மக்கள்மார் இரண்டு மூன்று சங்கிலிகளை மேலும் கீழுமாக அடுக்கிப் போடுவதையும், பவுணோடு வெள்ளியைக் கலப்பதையும் பார்த்து, அவர்களின் உம்மா "இதென்ன புதுக் கோலம்?" என்று என்னிடம்தான் வழக்குக்கு வருவார்.

புதுக் கோலமல்ல. என் உம்மும்மாவின் காது மடலில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வளையங்கள் இருந்தன. கழுத்தில் கருகமணியும், அதற்குக் கீழே மெல்லிய பவுண் சங்கிலியும். அதற்கும் பின்னே போனால் மதீனா இருக்கிறது. ஒரு பெருநாள் தினத்தில் நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் வந்து தர்மம் செய்யுமாறு கூறியபோது, பிலால் (ரழி) அவர்கள் ஏந்திய துணியில் அவர்கள் காது வளையங்களையும் 'ஸிகாப்' எனும் மாலைகளையும் கழற்றிப் போட்டதாக ஹதீஸில் வருகிறது. ஸிகாப் என்பது கராம்பு முதலிய வாசனைப் பொருட்களைக் கோத்த மாலை, அதில் பொன்னோ வெள்ளியோ இராது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். காதில் வளையம், கழுத்தில் கராம்பு மாலை! ஆயிஷா (ரழி) அவர்கள் பயணத்தில் தொலைத்த மாலையும் பவுண் மாலையல்ல. யமன் தேசத்து ழஃபாரின் கல்மணிகள்.

ஆகவே கலப்பதில் சங்கடமில்லை. எப்படிக் கலப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் மூத்த மகள் கண்ட வழி எனக்குச் சரியாகப் படுகிறது. சங்கிலிகளுக்கிடையில் இரண்டு அங்குலமாவது நீள வித்தியாசம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னிக்கொள்ளும். பாரமானது கீழே, மெல்லியது மேலே. பதக்கம் ஒன்றே போதும், அதுவும் கடைசிச் சங்கிலியில். கழுத்தில் பூ வேலை செய்த சல்வாருக்குச் சங்கிலியே வேண்டாம், காதுக்கு மட்டும் போட்டால் போதும். பூப்போட்ட சாரிக்கு ஒற்றைச் சங்கிலி. அடுக்குவதற்கு ஏற்றது வெற்று நிறத் துணிதான். முந்தானையாலும் ஸ்கார்ஃபாலும் கழுத்து மறைந்து வெளியே போகும்போது இந்த அடுக்கெல்லாம் யாருக்கு? கொக்கி ஸ்கார்ஃபின் நூலை இழுப்பதுதான் மிச்சம். அது வீட்டுக்கும் பெண்கள் கூடும் இடத்துக்கும் உரியது.

கைக்கு வந்தால் என் வேலை கூடுகிறது. ஒரே விரலில் இரண்டு மூன்று மோதிரம் இறுக்கமாகப் போட்டால், வுழூச் செய்யும்போது அடியில் தண்ணீர் சேராது. அசைத்து, திருப்பி, தேவையானால் கழற்றித்தான் கழுவ வேண்டும். மார்க்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சவர்க்காரமும் ஈரமும் தங்கி, விரலில் சொறி வருவதும் அந்த இடத்தில்தான். கொலுசைப் பற்றி ஸூரத்துந் நூர் சொல்வதை நம் பெண்கள் அறிவார்கள், நான் நீட்டவில்லை. பவுணைக் காலில் போடக்கூடாது என்று நம்மவர் சிலர் சொல்வது மட்டும் எனக்கு வியப்பு. அண்டை வீட்டுத் தமிழ்ச் சகோதரிகளுக்கு அது அவர்களது சமய மரபு, அதை மதிக்கிறோம். நம் நூல்களோ உதாரணத்துக்கே பவுண் கொலுசைத்தான் எடுக்கின்றன.

ஒன்றோடொன்று உரசினால் எது தேயும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு கரட் பவுண் மெதுவானது. கண்ணாடி வளையல் அதைக் கீறும், ஆதலால் பவுண் காப்பு ஒரு கையில், கண்ணாடி மறு கையில். மீட்டியாகொடையில் எடுக்கும் சந்திரகாந்தக் கல் பார்க்க நிலவுபோல் இருக்கும், ஆனால் நீலக்கல் மோதிரத்துக்குப் பக்கத்து விரலில் அதைப் போட்டால் சில மாதத்தில் மங்கிப்போகும். நீலம் அத்தனை கடினம். முத்துக்கு அத்தர் ஆகாது. அத்தர் பூசிக் காய்ந்த பிறகுதான் முத்தை எடுக்க வேண்டும். வெள்ளி கறுத்தால் பயப்பட வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் வெளுக்கும்.

இனி வங்கியில் உறங்கும் நகைக்கு வருவோம். அணிவதற்கென்று வைத்த நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உண்டு. ஆனால் அணியும் எண்ணமே இல்லாமல் சேமிப்பாகப் பூட்டி வைத்த பவுண், 85 கிராமை, அதாவது பத்துப் பவுண் ஐந்து கிராமை எட்டி ஒரு வருடம் கடந்தால், நம் மத்ஹபிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். "நகைக்கு ஸகாத் இல்லைதானே மௌலவி?" என்று கேட்கும் சகோதரிகளிடம், கடைசியாக அதை எப்போது போட்டீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பதில் வரச் சற்று நேரமாகும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பூட்டி வைத்ததும் போட்டிருந்ததும் அடைவுக் கடைக்குப் போன வீடுகள் ஏராளம். என் தங்கச்சி வீடும் அதில் ஒன்று. அவளுடைய மகள் அப்போதுதான் பாடசாலையில் கற்பிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு கல்யாண வீட்டில், கறுப்பு மணிக் கோவையும் வெள்ளியில் பதித்த சந்திரகாந்தப் பதக்கமுமாகப் போயிருக்கிறாள். வெற்றுப் பச்சைச் சாரிக்கு நன்றாகவே இருந்ததாம். சபையில் ஒரு பெரியம்மா, "என்னத்துக்கு மகள் கழுத்து வெறுமையா ஈக்குது?" என்று கேட்டுவிட்டார். கழுத்தில் இரண்டு கோவை இருந்தும் வெறுமை! நம் கண்ணுக்குப் பவுண் மட்டுமே நகையாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தாள்.

"மாமா, அடுத்த கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுட்டுப் போனா பொய்யாகுமா?" என்று என்னிடம் கேட்டாள். போடுவது பொய்யில்லை மகள், யாராவது கேட்டால் பவுண் என்று சொல்வதுதான் பொய் என்றேன். இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வதை எச்சரிக்கும் ஹதீஸையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கல்லையே போடுறேன்" என்றாள். அதற்கும் சட்டம் சொல்ல எனக்கு வேலையிருக்கவில்லை.

2024இல் அவளுடைய சம்பளத்தில் உம்மாவின் சங்கிலியை மீட்டார்கள். இப்போது பாடசாலைக்கு அது மேலே, சந்திரகாந்தம் கீழே. என் தங்கச்சிக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. பவுணுக்குக் கீழே வெள்ளி என்ன பொருத்தம் என்று வழியில் கண்டவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.